எட்டாம் நம்பர் எதன் அளவு?

என் வலது காலின் இரண்டாம் விரல் நகம் முதலில் கருஞ்சிவப்பானது. பிறகு நாவற்பழ நிறத்துக்கு வந்தது. மூன்று மாதம் கழித்து ஒரு நாள் குளிக்கும்போது கையோடு வந்துவிட்டது. வலியே இல்லை. அடியில் புது நகம் பாதி முளைத்திருந்தது. முதல் அரை மாரத்தான் ஓடியதற்குக் கிடைத்த பதக்கம் போல அதை எல்லாரிடமும் காட்டிக்கொண்டு திரிந்தேன். காலையில் கூட ஓடுகிற மூத்தவர் ஒருவர் குனிந்து பார்த்துவிட்டு, “இது ஓட்டத்தால வந்ததில்ல தம்பி. ஷூ சின்னது” என்றார்.

“எட்டாம் நம்பர் சார். பத்து வருஷமா எட்டுதான் போடறேன்.”

“எட்டுன்னா? எதோட எட்டு?”

இன்ச்சும் இல்லை, சென்டிமீட்டரும் இல்லை. பத்து வருடமாக நான் கடைக்காரரிடம் ஒப்பித்துவந்த அந்த எண் எதை அளக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

எதை அளக்கிறது என்றால், வாற்கோதுமையை. பழைய இங்கிலாந்தில் மூன்று வாற்கோதுமை மணிகளை நீளவாக்கில் வரிசையாக வைத்தால் ஓர் அங்குலம் என்று கணக்கு. நம் ஊரிலும் எட்டு நெல் ஒரு விரல், பன்னிரண்டு விரல் ஒரு சாண் என்றுதான் நீட்டலளவை இருந்தது. நாம் அதைப் பாடப்புத்தகத்தோடு விட்டுவிட்டோம், அவர்கள் ஷூவில் வைத்துக்கொண்டார்கள். குழந்தைக் காலணியின் பூஜ்ஜியம் நான்கு அங்குலத்தில், அதாவது 12 மணியில் தொடங்குகிறது. ஒவ்வொரு சைஸுக்கும் ஒரு மணி கூடும். குழந்தைகளின் 13-ஆம் சைஸ் வந்ததும் எண் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிக்கும். அதுதான் பெரியவர்களின் ஒன்று. கூட்டிப் பாருங்கள்: 12, 13, அதோடு 8. பெரியவர்களின் எட்டாம் நம்பர் என்பது 33 வாற்கோதுமை மணிகள். சரியாக 11 அங்குலம். 27.94 சென்டிமீட்டர்.

என் கால் நீளம் 26 சென்டிமீட்டரும் சில்லறையும்தான். அப்படியானால் எட்டு எனக்குத் தாராளமாக இருந்திருக்க வேண்டுமே?

இங்கேதான் சங்கதி இருக்கிறது. அந்த 33 மணிகள் காலின் நீளம் அல்ல, ‘லாஸ்ட்’டின் நீளம். ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் ஷூ கம்பெனியில் வேலை பார்த்தவர்களுக்கு இந்தச் சொல் சோறு மாதிரி. கால் வடிவத்தில் மரத்திலோ பிளாஸ்டிக்கிலோ செய்த கட்டை அது. அதன்மேல் மேல்பாகத்தை இழுத்துப் போர்த்தி, அடிப்பாகத்தை ஒட்டி, கடைசியில் கட்டையை உருவிவிட்டால் மிச்சம் நிற்பதுதான் ஷூ. பெட்டியில் அச்சிட்ட எண் அந்தக் கட்டையைப் பற்றிய தகவல். விரலுக்கு முன்னால் எவ்வளவு காலியிடம் விடுவது, மூக்கை எவ்வளவு கூராக்குவது, மேலே எவ்வளவு உயரம் கொடுப்பது எல்லாம் கட்டையைச் செதுக்குகிறவர் விருப்பம். கம்பெனிக்குக் கம்பெனி கட்டை வேறு. ஒரே கம்பெனியிலும் மாடலுக்கு மாடல் வேறு.

ஐரோப்பிய எண் இன்னொரு கணக்கு. பிரெஞ்சுக்காரர்களின் ‘பாரிஸ் புள்ளி’ என்பது ஒரு சென்டிமீட்டரில் மூன்றில் இரண்டு பங்கு. 42 என்றால் 28 சென்டிமீட்டர் கட்டை. வாற்கோதுமை ஒன்று 8.47 மில்லிமீட்டர், பாரிஸ் புள்ளி 6.67 மில்லிமீட்டர். இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டவே ஒட்டாது. அடிடாஸ் ஷூக்களில் 41⅓, 42⅔ என்று பின்ன எண்களைப் பார்த்து என்ன கிறுக்கு இது என்று நினைத்திருப்பீர்கள். அரை வாற்கோதுமை 4.23 மில்லிமீட்டர், மூன்றில் இரண்டு பாரிஸ் புள்ளி 4.44 மில்லிமீட்டர். பிரிட்டிஷ் அரை சைஸுக்கு ஓரளவு ஈடு கொடுக்க அவர்களுக்குக் கிடைத்த வழி அந்தப் பின்னம். மற்ற கம்பெனிகள் 42, 42.5 என்று உருட்டிவிட்டுப் போகின்றன.

விளைவைப் பாருங்கள். நைக்கியின் யூகே 8, அவர்கள் அட்டவணைப்படி 27 சென்டிமீட்டர் காலுக்கு. அடிடாஸின் யூகே 8 என்பது 26.5 சென்டிமீட்டருக்கு. இரண்டும் எட்டுதான். வித்தியாசம் அரை சென்டிமீட்டர். நகம் பிழைப்பதற்கும் கருப்பதற்கும் அது போதும். அமெரிக்க எண்ணும் இப்படித்தான்: ஆண்கள் ஷூவில் யூகே எண்ணோடு ஒன்றைக் கூட்டுவார் ஒருவர், அரையைக் கூட்டுவார் இன்னொருவர்.

இந்தக் குழப்பத்துக்கு நடுவில் ஒரே ஒரு நேர்மையான எண் உண்டு. ஷூ நாக்கின் உள்பக்கம் தைத்திருக்கும் சிறு துண்டில், யூகே, யூஎஸ், ஈயூ வரிசைக்கு அருகே ஜேபி என்றோ சிஎம் என்றோ ஓர் எண் இருக்கும். ஜப்பானியர்கள் கட்டையை விட்டுவிட்டுக் காலையே சென்டிமீட்டரில் சொல்கிறார்கள். 27 என்றால், இது 27 சென்டிமீட்டர் காலுக்காகச் செய்தது என்று பொருள். மோண்டோபாயிண்ட் என்ற சர்வதேசத் தரமும் இதே புத்திதான்: காலின் நீளமும் அகலமும் மில்லிமீட்டரில். பனிச்சறுக்கு பூட்ஸுகளிலும் ராணுவ பூட்ஸுகளிலும் அது நடைமுறையில் இருக்கிறது. ஓட்டக் காலணிக் கடையில் இன்னும் வாற்கோதுமை ராஜ்ஜியம்தான்.

சரி, காலை ஒழுங்காக அளந்துவிட்டால் பிரச்சினை தீர்ந்ததா? அமெரிக்காவின் சைரக்யூஸ் நகரத்தில் சார்லஸ் பிரானக் என்ற இளைஞர் 1920-களில் அப்படித்தான் நினைத்தார். அப்பா ஷூ கடையில் பங்குதாரர். பையன் பொம்மை கட்டுமான செட்டின் இரும்புத் துண்டுகளை வைத்து ஒரு மாதிரி செய்து பார்த்தார். இன்றும் நல்ல ஷூ கடைகளில் கிடக்கும் அந்த உலோகத் தட்டு, குதிகாலுக்கு ஒரு கிண்ணம், இரண்டு நகரும் தடைகள், அதுதான் பிரானக் கருவி. கால் அளக்க நூறு வருடமாக அதைவிட நல்ல கைக்கருவி வந்ததாக எனக்குத் தெரியவில்லை.

அதன் அருமை நீளத்தை அளப்பதில் இல்லை. அதற்கு ஸ்கேல் போதும். அது மூன்று அளவு எடுக்கிறது. குதிகாலிலிருந்து விரல் நுனி வரை ஒன்று, அகலம் ஒன்று. மூன்றாவதை மட்டும் கடைக்காரர்களே பெரும்பாலும் பார்ப்பதில்லை: குதிகாலிலிருந்து பெருவிரலின் அடிமூட்டு வரை உள்ள நீளம். நடக்கும்போது கால் மடங்கும் இடம் அது. ஷூவும் ஒரு குறிப்பிட்ட இடத்தில்தான் மடங்கும். இரண்டு மடிப்பும் ஒன்றன்மேல் ஒன்று விழவேண்டும். ஒரே 26 சென்டிமீட்டர் கால் உள்ள இரண்டு பேரில் ஒருவருக்கு விரல் நீளம், இன்னொருவருக்கு விரல் குட்டை என்றால் மடிப்பு இடம் வேறு வேறு. குட்டை விரல்காரருக்குக் கொஞ்சம் பெரிய ஷூவே பொருந்தும் என்று பிரானக் கருவி சொல்லும். நாம் நம்பமாட்டோம். முன்னால் இடம் கிடக்கிறதே என்போம்.

இதே காலத்தில் இன்னொரு கூத்தும் நடந்தது. 1920-களிலிருந்து 1950-கள் வரை அமெரிக்கா, ஐரோப்பா ஷூ கடைகளில் எக்ஸ்-ரே பெட்டி வைத்திருந்தார்கள். பிள்ளை புது ஷூவோடு பெட்டிக்குள் காலை விட, மேலே இருக்கும் துளைகள் வழியாக அம்மாவும் கடைக்காரரும் எட்டிப் பார்ப்பார்கள். பச்சை வெளிச்சத்தில் விரல் எலும்புகள் அசையும். பிள்ளைகளுக்குக் குஷி. கதிர்வீச்சின் ஆபத்து உறைத்த பிறகு ஒவ்வோர் இடமாகத் தடை செய்தார்கள். கெடுதல் ஒருபக்கம் இருக்கட்டும், அந்தப் பெட்டியால் உபயோகமும் இல்லை. ஷூ கடிப்பது எலும்பை அல்ல, தோலையும் சதையையும் நகத்தையும். எக்ஸ்-ரேயில் அவை சரியாகத் தெரியாது. அதைவிடப் பெரிய ஓட்டை, பிள்ளை பெட்டிக்குள் அசையாமல் நிற்கிறது என்பது.

நிற்கிற காலும் ஓடுகிற காலும் ஒன்றல்ல. இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் நினைவில் வைப்பீர்கள் என்றால் இதை வையுங்கள்.

ஒரு காலில் 26 எலும்புகள். உள்பக்கம் வளைந்து நிற்கும் பாலத்துக்கு அடியில், வில்லின் நாண் போலத் தசைநார்கள் குதிகாலிலிருந்து விரல்வரை ஓடுகின்றன. ஓட்டத்தில் ஒவ்வொரு முறை கால் ஊன்றும்போதும் உடல் எடையைப் போல் இரண்டு, மூன்று மடங்கு பாரம் அதன்மேல் இறங்குகிறது. பாலம் தணிகிறது, நாண் இழுபடுகிறது, கால் நீள்கிறது, அகல்கிறது. பிறகு நாண் சுருங்கித் தள்ளிவிடுகிறது. 1987-இல் மெக்நீல் அலெக்சாண்டர் உள்ளிட்ட ஆய்வாளர்கள், வெட்டியெடுத்த பாதங்களைக் கருவியில் வைத்து அழுத்திப் பார்த்து ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள்: ஓட்டத்தில் ஓர் அடிக்கு உடல் இழந்து மீட்கும் ஆற்றலில் சுமார் 17 சதவீதத்தைப் பாதத்தின் வளைவே சுருள்வில் போலச் சேமித்துத் திருப்பித் தருகிறது. அந்த வில் விரிய இடம் வேண்டும். உட்கார்ந்துகொண்டே ஷூ போட்டுப் பார்த்து “கச்சிதமா இருக்குங்க” என்று வாங்கிவருகிறவர், வில்லை மடக்கிப் பெட்டியில் வைத்து வாங்கிவருகிறார்.

இதோடு வீக்கம் சேரும். காலையில் இருக்கும் கால் மாலையில் இருப்பதில்லை. நம் ஊர் வெயிலில் ஒரு மணி நேரம் ஓடினால் ரத்தமும் நீரும் இறங்கிக் கால் இன்னும் உப்பும். அரை மாரத்தானில் நான் வைத்த அடிகள் ஏறக்குறைய இருபதாயிரம். ஒரு காலுக்குப் பத்தாயிரம். பத்தாயிரம் தடவையும் விரல் நுனி ஷூவின் முன்சுவரைப் போய்த் தொட்டது. இடித்தது என்றுகூடச் சொல்லமுடியாது, தட்டியதுதான். நகத்துக்கும் சதைக்கும் நடுவில் ரத்தம் கசிந்து உறைந்தது. நாவற்பழ நிறம் வந்த கதை அவ்வளவுதான்.

அதனால்தான் விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் காலியிடம் வேண்டும் என்கிறார்கள். ஒன்று முதல் ஒன்றரை சென்டிமீட்டர் வரை. நின்றுகொண்டு பார்க்கவேண்டும். எந்த விரலுக்கு முன்னால் என்பதும் முக்கியம். எல்லாரும் பெருவிரலை அழுத்திப் பார்க்கிறார்கள். என்னைப் போலப் பலருக்கு அடுத்த விரல்தான் நீளம். பெண்ணுக்கு அந்த விரல் நீண்டிருந்தால் புருஷனை அடக்கி ஆள்வாள் என்று கிழவிகள் மெட்டி போடும்போதே காலைக் கவனிப்பார்கள். புருஷன் கதை எனக்குத் தெரியாது, ஷூ கம்பெனி அந்த விரலுக்கு அடங்காது. நீளமான விரல் எதுவோ அதிலிருந்துதான் அளக்கவேண்டும். இரண்டு கால்களும் ஒரே அளவில் இருப்பது அபூர்வம். பெரிய காலுக்கு வாங்க வேண்டும்.

இனி அகலம். நம்மவர்களின் உண்மையான தொல்லை நீளமல்ல, இதுதான் என்பது என் கட்சி.

சென்னை அடையாறில் இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 டிசம்பரிலிருந்து 2022 மார்ச் வரை நாடு முழுவதும் 79 இடங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் கால்களை முப்பரிமாண ஸ்கேனரில் அளந்தது. ஐரோப்பியர், அமெரிக்கர் கால்களைவிட இந்தியர் கால் பொதுவாக அகலம் என்று தெரியவந்தது. நமக்கென்று ‘பா’ என்ற புது அளவுமுறையையும் முன்வைத்தார்கள். பாரத் என்பதன் முதலெழுத்து. இதை எழுதும்போது என் ஷூ நாக்கில் இன்னும் பழைய வரிசைதான் இருக்கிறது.

ஏன் அகலம்? பரம்பரை ஒரு பங்கு இருக்கலாம். வளர்ந்த விதமும் ஒரு பங்கு. பெல்ஜியத்து ஆய்வாளர் கிறிஸ்டியான் டூட்டும் கூட்டாளிகளும் தென்னிந்தியாவில் வெறுங்காலோடு நடந்து பழகியவர்களின் பாதங்களை அளந்து 2009-இல் வெளியிட்டார்கள். காலணிக்குள் வளர்ந்த கால்களைவிட அவை முன்பக்கம் அகன்றிருந்தன. பாரமும் பாதம் முழுக்கச் சீராகப் பரவியது. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் வெறுங்காலோடு திரிகிற, வெளியே போனாலும் விரல் விரிந்து கிடக்கும் செருப்பே போடுகிற ஊரில் கால் விசிறி மாதிரி வளர்வதில் ஆச்சரியம் இல்லை. ஆரோக்கியமான கால். ஷூ கட்டைதான் அதற்குப் பொருந்தவில்லை.

பொருந்தாதபோது நாம் என்ன செய்கிறோம்? “சைடுல பிடிக்குதா? ஒரு நம்பர் ஏத்திப் போடுங்க.” கடைக்காரர் சொல்வார், நாமும் தலையாட்டுவோம். வளர்கிற பிள்ளை என்று ஒரு சைஸ் பெரிதாகவே வாங்கிப் பழகிய குடும்பங்கள்தானே. நம்பர் ஏற்றினால் அகலம் கொஞ்சம் கூடும், உண்மைதான். கூடவே நீளமும் கூடும், மடிப்பு இடம் முன்னே தள்ளிப்போகும், குதிகால் லொடலொடக்கும். குதிகால் தூக்கித் தூக்கி அடித்தால் பின்பக்கம் கொப்புளம். கால் முன்னே சறுக்கினால் மறுபடி விரல் நுனிக்கே அடி. பெரிய ஷூ வாங்கியும் நகம் கருக்கிறவர்கள் இந்த வகை.

சரியான மருந்து, அதே நீளத்தில் அகலமான கட்டை. அமெரிக்க முறையில் அகலத்துக்கு எழுத்துகள் உண்டு: ஆண்களுக்கு டி சாதாரணம், 2ஈ அகலம், 4ஈ மிக அகலம், பெண்களுக்கு பி சாதாரணம், டி அகலம். பெண்களின் கால் ஆண்களின் காலைச் சுருக்கியது அல்ல, முன்பாதத்தோடு ஒப்பிட்டால் குதிகால் ஒடுக்கம் என்பதால் இந்தப் பிரிப்பு. சில கம்பெனிகள் ஒரே மாடலை இரண்டு மூன்று அகலங்களில் செய்கின்றன. நம் கடைகளில் அலமாரியில் பெரும்பாலும் இருக்காது. கேட்டால் வரவழைத்துத் தருவார்கள். கேட்கவேண்டும்.

அகலத்தைச் சோதிக்கக் கருவி வேண்டாம். கடையிலேயே ஷூவுக்குள் இருக்கும் உள்தாளை உருவி எடுத்துத் தரையில் போட்டு, அதன்மேல் முழு எடையோடு நில்லுங்கள். சுண்டுவிரல் பக்கம் சதை தாளைத் தாண்டி வெளியே வழிந்தால் அந்த ஷூ உங்களுக்கு இல்லை. என் பழைய எட்டாம் நம்பரில் இரண்டு பக்கமும் வழிந்தது. அதோடுதான் ஒரு வருடம் ஓடியிருக்கிறேன்.

“போடப் போடச் சரியாயிடும்” என்ற வாக்கியத்தையும் இங்கேயே புதைத்துவிடலாம். தோல் செருப்புக்கு அது சத்தியம். தோல் வேர்வையில் நெகிழ்ந்து காலின் வடிவத்துக்கு வரும். இரண்டு நாள் தேங்காய் எண்ணெய் தடவி அம்மா பழக்கித் தந்த செருப்பு எனக்கு நினைவிருக்கிறது. ஓட்டக் காலணியின் மேல்பாகம் நைலான், பாலியஸ்டர் வலை. அது அப்படிப் பழகாது. கடைக்குள் கடிக்கிற ஷூ கடற்கரையிலும் கடிக்கும்.

குதிகால் மட்டும் கொஞ்சம் லூஸ், மற்றதெல்லாம் சரி என்றால் ஷூவை ஒதுக்கவேண்டாம். கணுக்கால் பக்கம் கடைசியாக, சற்றுப் பின்தள்ளி ஒரு தனி ஓட்டை இருக்கும். அழகுக்கு என்று நினைத்து விட்டுவிடுகிறோம். நாடாவை அதே பக்கத்து அந்த ஓட்டைக்குள் விட்டு ஒரு சிறு வளையம் பண்ணி, எதிர்ப்பக்க நாடாவை அந்த வளையத்துக்குள் கோத்து இழுத்தால் குதிகால் கிண்ணத்தில் உட்கார்ந்துவிடும்.

பொருந்தாத ஷூவுக்கு ஒரு உலகப் புகழ்பெற்ற தீர்ப்பு இருக்கிறது. 1960 ரோம் ஒலிம்பிக்கில் எத்தியோப்பியாவின் அபேபி பிகிலா வெறுங்காலோடு மாரத்தான் ஓடி 2 மணி 15 நிமிடம் 16 விநாடியில் தங்கம் வாங்கினார். வெறுங்கால் ஓட்டத்துக்கு விளம்பரம் போல இன்றும் அதைச் சொல்கிறார்கள். அங்கே கிடைத்த ஷூ அவர் காலுக்குச் சரியாக உட்காரவில்லை; வெறுங்காலில் பயிற்சி எடுத்த பழக்கம் இருந்ததால் கழற்றிப் போட்டுவிட்டு ஓடினார். நான்கு வருடம் கழித்து டோக்கியோவில் பொருந்திய ஷூவோடு ஓடினார். 2 மணி 12 நிமிடம் 11 விநாடி. மறுபடி தங்கம், உலகிலேயே அதுவரை யாரும் ஓடாத வேகம்.

கடைகளில் இன்னொரு சடங்கு உண்டு. ஈரக்காலைக் காகிதத்தில் பதித்து, வளைவு தட்டையா உயரமா என்று பார்த்து, இந்தக் காலுக்கு இந்த வகை ஷூ என்று எழுதித் தருவது. நானும் நம்பினேன். அமெரிக்க ராணுவம், விமானப்படை, மரீன் படை மூன்றிலும் ஆயிரக்கணக்கான புதுச் சிப்பாய்களை வைத்து இதைச் சோதித்திருக்கிறார்கள். பாதிப் பேருக்கு வளைவு பார்த்து ஷூ, மீதிப் பேருக்கு வளைவு எப்படியிருந்தாலும் ஒரே வகை ஷூ. பயிற்சி முடிவில் இரு அணியிலும் காயங்கள் ஏறக்குறைய ஒன்றுதான். கால்கரி பல்கலைக்கழகத்தின் பென்னோ நிக் 2015-இல் எழுதிய கட்டுரையில் இன்னும் எளிமையான யோசனையைச் சொன்னார்: ஓடிப் பார்க்கும்போது எது சுகமாக இருக்கிறதோ அதையே கால் தனக்கு ஏற்றதாகத் தேர்ந்தெடுத்திருக்கிறது. சுகம் என்பது சொகுசு அல்ல. அதுவும் ஓர் அளவுகோல். மெத்தென்று இருப்பதைச் சுகம் என்று ஏமாறக்கூடாது என்பதை மட்டும் நான் சேர்த்துக்கொள்வேன். நின்றால் மெத்தை தெரியும், ஓடினால்தான் பொருத்தம் தெரியும். கடைக்கு வெளியே பத்தடி ஓடிப் பார்க்க விடாத கடையில் வாங்காதீர்கள்.

அந்தக் காலத்தில் செருப்பு தைக்கிறவர் செய்தித்தாளை விரித்து, அதில் நம்மை நிற்கவைத்து, பென்சிலால் காலைச் சுற்றிக் கோடு போடுவார். நீளம், அகலம், எந்த விரல் நீளம், எந்தப் பக்கம் புடைப்பு எல்லாம் ஒரே கோட்டில். நானும் இப்போது அதைத்தான் செய்கிறேன். மாலையில், ஓடும்போது போடும் அதே சாக்ஸோடு, குதிகாலைச் சுவரில் ஒட்டி நின்று, பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்து வேறொருவரை வரையச் சொல்லுங்கள்; தானே குனிந்தால் பாரம் மாறிவிடும். இரண்டு காலும் வரைந்து பெரியதை அளங்கள். சுவரிலிருந்து நீண்ட விரல் நுனி வரை ஓர் எண், அகன்ற இடத்தில் ஓர் எண். முதல் எண்ணை வைத்து ஷூ நாக்கில் சென்டிமீட்டர் பாருங்கள், இரண்டாவதை உள்தாளோடு ஒப்பிடுங்கள், கட்டைவிரல் இடம் இருக்கிறதா என்று நின்று அழுத்திப் பாருங்கள். எனக்கு 26.3-உம் 10.6-உம் வந்தது. இப்போது ஓடுவது ஒரு கம்பெனியில் அகலமான எட்டு, இன்னொன்றில் எட்டரை.

அந்தத் தாளில் தேதியையும் எழுதிவையுங்கள். வயது ஏற ஏறப் பாலம் தணிந்து கால் நீளும். பிள்ளை பெற்ற பெண்கள் பலருக்குக் கால் நிரந்தரமாகவே சில மில்லிமீட்டர் கூடிவிடுகிறது. இரண்டு வருடத்துக்கு மேல் பழைய தாளை நம்பவேண்டாம்.